ஏழு நாள் நிதி, ஒரு வருட வேலை: என்.எஸ்.எஸ். சிறப்பு முகாம் – ஒரு நிகழ்வு ஆய்வு

கல்லூரி மாணவர்கள் ஊருக்குள் சென்று உழைக்க வேண்டும், அந்த உழைப்பிலிருந்து கற்க வேண்டும் என்று சொல்லாத கல்விக் குழு இந்த நாட்டில் இருந்ததில்லை. அந்த வேலைக்கான பணம் எப்படி வருகிறது, யார் கைக்கு வருகிறது, எந்தத் தேதியோடு தீர்ந்துபோகிறது என்பதைப் பற்றிப் பேசுபவர்கள் மிகக் குறைவு. ஒரு கலைக் கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்ட (என்.எஸ்.எஸ்.) அலுவலராக இருந்தவன் என்ற முறையில் இந்தப் பக்கத்தை எழுதியாக வேண்டும் என்று நினைக்கிறேன். பணம் எந்தக் கணக்கில் வருகிறதோ அந்தக் கணக்குக்கு ஏற்பத்தான் வேலை அமையும். தலைக்கு இவ்வளவு, முகாமுக்கு இத்தனை நாள் என்று வந்தால், கூட்டமும் நாட்களும் கணக்கில் சரியாக இருக்கும். அந்த ஊரில் ஏதாவது நடந்து முடிந்ததா என்பதற்கு அந்தக் கணக்கில் இடமே இருக்காது.

விதிகள் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓர் என்.எஸ்.எஸ். அணி என்பது பொதுவாக 100 தொண்டர்கள் கொண்டது. ஒவ்வொருவரும் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும். அதாவது ஆண்டுக்கு 120 மணி. இதற்கு மேல் ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்றில் தங்க வேண்டும். ஆண்டுதோறும் அணியில் பாதிப்பேர் முகாமுக்குப் போவார்கள். நீண்ட காலம் நடைமுறையில் இருந்த நிதி விகிதம் இது: வழக்கமான பணிகளுக்குத் தொண்டர் ஒருவருக்கு ஆண்டுக்கு 250 ரூபாய், சிறப்பு முகாமுக்குத் தலைக்கு 450 ரூபாய். பின்னர் தொகை உயர்த்தப்பட்டது. கணக்கிடும் முறை மட்டும் மாறவில்லை.

450 ரூபாயை ஏழால் வகுத்தால் நாளுக்கு 64 ரூபாய் சில்லறை. மூன்று வேளைச் சாப்பாடு, இரண்டு வேளை தேநீர், ஊருக்குப் போய்வரும் வண்டிச் செலவு, பேனர், முதலுதவிப் பெட்டி, மண்வெட்டி வாடகை, தொடக்க விழாவுக்கு ஒலிபெருக்கி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். 50 பேர் கொண்ட முகாமுக்கு மொத்தத் தொகை 22,500 ரூபாய். வழக்கமான பணிக்கான 250 ரூபாயை 120 மணி நேரத்துக்குப் பங்கிட்டால் மணிக்கு இரண்டு ரூபாய் வருகிறது. அலுவலகச் செலவும் திட்ட அலுவலருக்கான சிறு படியும் அதிலேயே அடக்கம்.

இவ்வளவு குறைந்த தொகையில் முகாம்கள் எப்படி நடக்கின்றன? ஊர் கொடுக்கிறது. ஊராட்சித் தலைவர் அரிசி மூட்டை இறக்குவார். கோயில் மண்டபத்துப் பாத்திரங்கள் வாடகையின்றி வரும். யாராவது ஒருவர் தோட்டத்துக் கத்தரிக்காயையும் முருங்கைக்காயையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து பள்ளித் திண்ணையில் வைத்துவிட்டுப் போவார். ஒருநாள் இரவுச் சாப்பாட்டை மகளிர் சுய உதவிக் குழு ஏற்றுக்கொள்ளும். சேவை பெற வேண்டிய ஊர், சேவை செய்ய வந்தவர்களுக்கு ஏழு நாள் சோறு போடுகிறது. தமிழ்நாட்டில் திட்ட அலுவலராக இருந்த எவருக்கும் இது புதிய செய்தி அல்ல. ஆனால் எந்த அறிக்கையிலும் இந்தப் பங்களிப்பு ரூபாயாக மதிப்பிடப்பட்டு வருவதில்லை. ‘ஊர் மக்கள் ஒத்துழைப்பு நல்கினர்’ என்ற ஒரே வரியோடு முடிந்துவிடும்.

பிறப்பிலேயே ஒட்டிக்கொண்ட பணக் கேள்வி

இந்தத் திட்டத்தின் வரலாற்றைப் படித்தால், தொடக்கம் முதலே செலவுதான் அதன் வடிவத்தைத் தீர்மானித்தது என்று தெரியும். சுதந்திரம் கிடைத்த சில ஆண்டுகளுக்குள், டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழு, மாணவர்களுக்குத் தேசிய சேவை வேண்டும், அது விருப்பத்தின் பேரில் இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1958-இல் பட்டம் பெறுவதற்கு முன்நிபந்தனையாகச் சமூக சேவையை வைக்கலாமா என்று கேட்டு மாநில முதலமைச்சர்களுக்கு நேரு கடிதம் எழுதினார். 1959-இல் சி.டி. தேஷ்முக் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. ரிசர்வ் வங்கி ஆளுநராகவும் நிதியமைச்சராகவும் இருந்தவர் அவர். பணத்தின் அருமை அவருக்குத் தெரியாமல் இல்லை. பள்ளிப் படிப்பு முடித்துக் கல்லூரியில் சேர விரும்பும் மாணவர்களுக்கு ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை கட்டாய சேவை என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. செலவையும் நடைமுறைச் சிக்கல்களையும் காரணம் காட்டி அது ஏற்கப்படவில்லை.

அடுத்து கல்வியாளர் கே.ஜி. சையதைன் பல நாடுகளின் அனுபவத்தைப் படித்து, விருப்பத்தின் பேரிலான சேவையே நல்லது என்று அறிக்கை தந்தார். கோத்தாரி கல்விக் குழு (1964–66), கல்வியின் எல்லா நிலைகளிலும் மாணவர்களுக்குச் சமூக சேவையோடு தொடர்பு இருக்க வேண்டும் என்றது. கடைசியில் 1969 செப்டம்பர் 24 அன்று, காந்தி நூற்றாண்டில், அப்போதைய மத்தியக் கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ் 37 பல்கலைக்கழகங்களில் என்.எஸ்.எஸ். திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அப்போது சேர்ந்தவர்கள் 40,000 மாணவர்கள். இன்று ஏறத்தாழ 40 லட்சம்.

ஒன்பது மாதம் என்று தொடங்கிய யோசனை ஏழு நாளில் வந்து நின்ற கதை இது. ஆள் எண்ணிக்கை நூறு மடங்கு பெருகியது. ஒருவர் ஓர் ஊரில் தொடர்ந்து இருக்கும் காலம் மட்டும் சுருங்கியே கிடக்கிறது. 40 லட்சம் என்ற எண்ணைக் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. வீட்டைவிட்டு ஓர் இரவும் வெளியே தங்கியிராத பெண்கள், வேறு சாதிக்காரர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்திராத பையன்கள், முகாமில் முதன்முதலாக அதைச் செய்வதை நேரில் பார்த்திருக்கிறேன். அந்த ஏழு நாட்களுக்காகவே இந்தத் திட்டம் இருக்க வேண்டும். என் குறை, எட்டாம் நாளைப் பற்றியது.

நிதி வரும் பாதையிலும் ஒரு மாற்றம் நடந்தது. முன்பு பெரும்பாலான மாநிலங்களில் மத்திய அரசும் மாநில அரசும் 7:5 என்ற விகிதத்தில் பங்கிட்டுக்கொண்டன. ஒருவர் பங்கு வந்து மற்றவர் பங்கு வராமல் கோப்பு நிற்பது சாதாரணம். 2016 ஏப்ரல் 1 முதல் முழுத் தொகையையும் மத்திய அரசே தருகிறது. இதனால் ஒரு தடங்கல் நீங்கியது. ஆனாலும் நிதியாண்டின் பிற்பகுதியில் பணம் வருவதும், அதற்குள் முகாமை முடித்து மார்ச் 31-க்குள் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்ப வேண்டியிருப்பதும் பல கல்லூரிகளில் தொடர்ந்தன. திட்ட அலுவலர் முகாமைத் தன் கைக்காசில் நடத்திவிட்டுப் பிறகு பணத்துக்குக் காத்திருப்பது எல்லோரும் அறிந்த நடைமுறை.

ஒரு முகாம், ஒரு கணக்கெடுப்பு

நான் நெருங்கிப் பார்த்த ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். தென் மாவட்டம் ஒன்றில் மானாவாரி நிலம் சூழ்ந்த ஊர். எங்கள் கல்லூரி தத்தெடுத்த கிராமம். ஊராட்சி ஒன்றியப் பள்ளியில்தான் முகாம். காலையில் வாய்க்கால் தூர்வாருதல், பிற்பகலில் வீடுவீடாகக் கணக்கெடுப்பு, மாலையில் விழிப்புணர்வு நாடகம், இரவில் கலை நிகழ்ச்சி என்று வழக்கமான நிகழ்ச்சி நிரல்.

கணக்கெடுப்புப் படிவத்தில் பொருளாதாரத் துறை மாணவி ஒருத்தி ஒரு கேள்வியைச் சேர்க்கச் சொன்னாள்: இந்த வீட்டில் முதியோர் உதவித்தொகையோ விதவை உதவித்தொகையோ பெறத் தகுதி இருந்தும் பெறாதவர்கள் உண்டா? தமிழ்நாட்டில் இந்த உதவித்தொகை 2023-இல் மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்தது. மானாவாரி ஊரில் தனியாக இருக்கும் ஒரு பாட்டிக்கு மாதம் 1,200 ரூபாய் என்பது மருந்தும் மளிகையும். அந்த ஒரு கேள்விதான் முகாமின் மற்ற எல்லாப் பணிகளையும்விடக் கனமானதாக ஆனது.

விசாரித்துக்கொண்டே போனபோது, தகுதி இருந்தும் பணம் வராத வீடுகள் தெருவுக்குத் தெரு இருந்தன. காரணங்கள் ஒவ்வொன்றும் வேறுவேறு. ஒருவருக்கு ஆதாரில் ஒரு வயது, குடும்ப அட்டையில் வேறு வயது. இன்னொருவர் பெயர் மகனின் குடும்ப அட்டையிலேயே இருப்பதால், ஆதரவற்றவர் என்று அவரைக் கருத முடியாது என்று மனுவைத் திருப்பிவிட்டார்கள். மகனோ திருப்பூருக்குப் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. ஒரு பெண்ணின் கணவர் இறந்தது வெளியூரில். இறப்பைப் பதிவு செய்யவில்லை. ஓராண்டு கடந்துவிட்டதால் கோட்டாட்சியர் அலுவலகம் வரை போக வேண்டும். அவருக்கு அந்த அலுவலகம் எந்த ஊரில் இருக்கிறது என்பதே தெரியாது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட்டு, கொடுத்த ரசீதைத் தகரப் பெட்டிக்குள் வேட்டி மடிப்பில் பத்திரமாக வைத்திருந்தார் ஒரு தாத்தா. அந்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதாக அவருக்கு யாரும் சொல்லவில்லை. கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்திருக்கும். அந்தக் கைப்பேசி பேரனிடம் இருந்தது.

மாணவர்கள் பெயர், வயது, எந்த ஆவணம் இருக்கிறது, எது இல்லை, மனு எந்த மேசையில் நிற்கிறது என்று ஒரு நோட்டில் பத்தி பிரித்து எழுதினார்கள். நான் பார்த்த முகாம் ஆவணங்களிலேயே மிகப் பயனுள்ள ஆவணம் அந்த நோட்டுதான். கிராம நிர்வாக அலுவலரிடம் அதைக் காட்டியபோது அவர் மறுக்கவில்லை. “தம்பி, ஆவணத்தைச் சரிசெய்து கொண்டு வாருங்கள். நான் அறிக்கை அனுப்புகிறேன். அதற்கு மேல் வருவாய் ஆய்வாளர், அதற்கு மேல் சமூகப் பாதுகாப்புத் திட்ட வட்டாட்சியர். ஒவ்வொரு இடத்திலும் யாராவது போய்க் கேட்டால்தான் நகரும்” என்றார். அவர் சொன்னது நியாயமான பேச்சு.

ஏழாம் நாள் நிறைவு விழா. சால்வை, நினைவுப் பரிசு, குழுப் புகைப்படம். அன்று மாலையோடு நிதியின் ஆயுள் முடிந்தது.

அந்த நோட்டுக்கு என்ன வழி? ஆதார் மையத்துக்குப் பாட்டிகளை அழைத்துப்போக வண்டி வேண்டும். வட்டாட்சியர் அலுவலகம் இருக்கும் ஊருக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். நகல் எடுக்க, புகைப்படம் எடுக்க, இ-சேவைக் கட்டணம் கட்டப் பணம் வேண்டும். எல்லாம் சேர்த்தாலும் ஒரு முகாமின் பந்தல், ஒலிபெருக்கிச் செலவைத் தாண்டாது. ஆனால் அந்தச் செலவை எழுத எந்தத் தலைப்பும் இல்லை. சிறப்பு முகாம் முடிந்தது. அந்தப் பணத்தைத் தொட முடியாது. வழக்கமான பணிக்கான நிதியில் தனியொருவரின் விண்ணப்பத்துக்கான பயணச் செலவை எழுதினால் தணிக்கையில் கேள்வி வரும்.

அந்த வழித்தடத்தில் தினமும் பஸ்ஸில் வந்துபோகும் இரண்டு மாணவர்கள் வேலையைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். கல்லூரியின் முன்னாள் மாணவர் ஒருவர் சிறு தொகை தந்தார். அதுவும் இல்லாவிட்டால் நோட்டு என் அலமாரியில் இருந்திருக்கும். கல்லூரி முடிந்ததும் இறங்க வேண்டிய இடத்துக்கு முன்பே இறங்கி, யாரையாவது பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் வீட்டுக்குப் போவார்கள். ஆதார் திருத்தம் எளிதாக முடிந்தது. குடும்ப அட்டையில் பெயர் பிரிப்பதில்தான் பெரும் இழுபறி, ஏனென்றால் மகனும் ஒப்ப வேண்டும். அதைச் சொல்லப் பல தாய்மாருக்கு மனம் வரவில்லை. “அவன் பெயரிலிருந்து என்னை எடுத்துவிட்டால், நாளைக்கு அவன் என்னைப் பார்க்கவே வர மாட்டான் தம்பி” என்று ஒரு பாட்டி சொன்னதை அந்த மாணவன் நோட்டில் அப்படியே எழுதி வைத்திருந்தான். எந்தப் பொருளாதாரப் பாடநூலிலும் இந்தக் காரணம் இருக்காது. மாதம் 1,200 ரூபாயை ஒருவர் ஏன் வேண்டாம் என்கிறார் என்பதற்கு இதைவிடத் துல்லியமான தரவு எனக்குக் கிடைத்ததில்லை.

அடுத்த ஆண்டு முகாமுக்கு நாங்கள் அதே ஊருக்குப் போனபோது சிலருக்கு ஆணை வந்திருந்தது. சிலருக்கு மனு இன்னும் நிலுவையில் இருந்தது. இறப்புச் சான்றிதழ் இல்லாத பெண்ணுக்கு எதுவும் நகரவில்லை. அவர் பள்ளி வாசலில் வந்து நின்று, “போன வருடம் பிள்ளைகள் எழுதிக்கொண்டு போனார்களே, அது என்ன ஆயிற்று ஐயா?” என்று கேட்டார். எழுதிய பிள்ளைகளில் பலர் மூன்றாம் ஆண்டு முடித்துப் போய்விட்டார்கள். புதிய அணிக்கு அவர் யார் என்றே தெரியாது. வேலையை ஓர் அணியிடமிருந்து அடுத்த அணி வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு திட்டத்தில் எங்கும் இல்லை. ஒவ்வொரு ஆண்டும் தொடக்க விழாவிலிருந்துதான் ஆரம்பம்.

அந்த மாணவிக்கும் அந்த இரண்டு மாணவர்களுக்கும் 240 மணி நேரச் சான்றிதழ் கிடைத்தது. முகாமில் பரிமாறியவர்களுக்கும் அதே சான்றிதழ்தான். அவர்கள் அந்த ஓராண்டில் கற்றது – ஒரு நலத்திட்டம் அரசாணையிலிருந்து ஒரு பெண்ணின் வங்கிக் கணக்கு வரை எந்தெந்த மேசை வழியாகப் பயணிக்கிறது, எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது என்பது – அவர்களுடைய பொருளாதாரப் பாடத்தில் ஒரு மதிப்பெண்ணாகக்கூட வரவில்லை. இதை நான் பெரிய இழப்பாகவே பார்க்கிறேன். சேவை நடந்தது; கற்றலும் நடந்தது. இரண்டையும் இணைத்துக் கணக்கில் எடுக்கக் கல்லூரியில் ஆள் இல்லை.

வேறு இடங்களில் எப்படிக் கையாண்டார்கள்

இணைப்பது சாத்தியம் என்பதற்கு இரண்டு அமெரிக்க எடுத்துக்காட்டுகள் உண்டு. இரண்டும் நம் திட்டத்தைவிடச் சிறியவை, பணம் அதிகம் உள்ளவை. அப்படியே எடுத்துக் கையாள முடியாது. ஆனால் இரண்டிலும் பணத்தையும் காலத்தையும் அமைத்த விதத்தைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, இந்தியானா மாநிலத்தில் பர்டூ பல்கலைக்கழகத்தின் எபிக்ஸ் என்ற சேவைவழிக் கற்றல் திட்டம். மின் பொறியியல் பேராசிரியர்கள் எட்வர்ட் கோய்ல், லியா ஜேமிசன் இருவரும் 1995-இல் தொடங்கினார்கள். பின்னர் வில்லியம் ஓக்ஸ் சேர்ந்து வழிநடத்தினார். அமெரிக்கக் கல்வித் துறையின் மானியம் தொடக்கத்தில் கைகொடுத்தது. பொறியியல் மாணவர் குழு ஒன்று உள்ளூர்த் தொண்டு நிறுவனம் ஒன்றுடன் இணைகிறது. அந்த இணைப்பு ஒரு பருவத்தோடு முடிவதில்லை. பல ஆண்டுகள் நீடிக்கிறது. முதலாண்டு மாணவரும் இறுதியாண்டு மாணவரும் ஒரே குழுவில் இருப்பார்கள். மூத்தவர்கள் போகும்போது வேலையை அறிந்தவர்கள் குழுவில் எஞ்சியிருப்பார்கள். இது பாடம், பருவத்துக்குப் பருவம் மதிப்பீட்டுப் புள்ளி (கிரெடிட்) உண்டு. மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான மையத்துக்கு விளையாட்டுக் கருவிகள் செய்தார்கள். வீடற்றோருக்கு உதவும் பல அமைப்புகள், உதவி பெறுபவரின் தனிப்பட்ட விவரத்தைக் காத்துக்கொண்டே தரவுகளைப் பகிர்ந்துகொள்ள ஒரு கணினி அமைப்பை உருவாக்கினார்கள். அத்தகைய வேலை ஏழு நாளிலோ ஒரு பருவத்திலோ முடிகிற வேலை அல்ல. எங்கள் ஊர் நோட்டைப் போலவே அதுவும் பல மேசைகளைத் தாண்ட வேண்டிய வேலை. 2005-இல் அமெரிக்கத் தேசியப் பொறியியல் அகாதமி ஐந்து லட்சம் டாலர் மதிப்புள்ள கார்டன் பரிசை மூவருக்கும் வழங்கியது.

இரண்டாவது, கேத்ரின் வாஸர்மன் டேவிஸ் என்ற அம்மையார் 2007-இல் தம் நூறாவது பிறந்தநாளையொட்டித் தொடங்கிய ‘அமைதிக்கான திட்டங்கள்’. பத்து லட்சம் டாலர் கொடுத்து, நூறு திட்டங்களுக்குத் தலா 10,000 டாலர் என்றார். 2013-இல் அவர் மறைந்த பிறகும் அது தொடர்கிறது. வெர்மான்ட்டில் உள்ள மிடில்பரி கல்லூரி நடத்துகிறது. திட்டத்தை எழுதுவது மாணவர். எந்த ஊரில், யாரோடு, எதற்காக என்று தீர்மானிப்பதும் மாணவரே. தேர்வானால் பணம் அந்தத் திட்டத்துக்குத் தரப்படுகிறது. முடிவில் சுருக்கமான அறிக்கையும் செலவுக் கணக்கும் கொடுக்க வேண்டும். 20 வயதுப் பெண்ணிடமோ பையனிடமோ இவ்வளவு பணத்தை நம்பிக் கொடுப்பதில் ஒரு மரியாதை இருக்கிறது. அந்த மரியாதையே பாதிப் பயிற்சி. ஆனால் இதிலும் ஒரு குறை உண்டு என்பது என் கருத்து. கோடை விடுமுறைக்குள் செய்து முடிக்கும் திட்டங்கள் இவை. எட்டாம் நாள் கேள்வி இங்கே மூன்றாம் மாதக் கேள்வியாக வந்து நிற்கும்.

எபிக்ஸ் காலத்தைச் சரிசெய்தது. டேவிஸ் அம்மையார் தீர்மானிக்கும் உரிமையை மாணவரிடம் கொடுத்தார். என்.எஸ்.எஸ். திட்டத்தில் இருப்பது வேறு எவரிடமும் இல்லாத பரப்பு: நாட்டின் ஏறத்தாழ எந்த மாவட்டத்திலும் ஒரு கல்லூரி, அந்தக் கல்லூரிக்கு ஓர் அணி, அந்த அணிக்கு ஓர் ஊர்.

நம் மண்ணிலும் முன்னோடிகள் இருக்கிறார்கள். டாக்டர் சௌந்தரமும் கோ. ராமச்சந்திரனும் 1947-இல் நிறுவிய காந்திகிராமத்தில், 1956-இல் உருவான கிராமியக் கல்வி நிறுவனம், கற்பித்தல், ஆராய்ச்சி, விரிவாக்கம் மூன்றையும் ஒரே வரிசையில் வைத்தது. மாணவர்கள் கிராமத்தில் தங்கிப் பணிசெய்வது அங்கே படிப்பின் பகுதி. திருச்சி தூய வளனார் கல்லூரியின் ஷெப்பர்டு என்ற கிராம விரிவாக்கத் திட்டம், சென்னை லயோலாவின் விரிவாக்கப் பணித் (அவுட்ரீச்) துறை, மதுரை லேடி டோக் கல்லூரியின் சேவைவழிக் கற்றல் பாடங்கள் எல்லாம் 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை வருவதற்கு நெடுங்காலம் முன்பே தொடங்கியவை. தன்னாட்சிக் கல்லூரிகளாக இருந்ததால் பாடத்திட்டத்தில் இடம் ஒதுக்க முடிந்தது. அரசு உதவி பெறும் சாதாரணக் கல்லூரியில் அது முடியாது. பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழு அசைய வேண்டும்.

2014 நவம்பரில் தொடங்கி 2018 ஏப்ரலில் விரிவாக்கப்பட்ட, உன்னத் பாரத் அபியான் என்ற மத்திய அரசுத் திட்டம், உயர்கல்வி நிறுவனங்கள் குறைந்தது ஐந்து கிராமங்களை எடுத்துக்கொள்ளச் சொல்கிறது; டெல்லி ஐஐடி அதை ஒருங்கிணைக்கிறது. ஊரின் தேவையைக் கண்டறிந்து திட்டம் எழுதினால் நிதி என்ற வழி அதில் இருக்கிறது. தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றம் இறுதியாண்டு மாணவர்களின் திட்டப்பணிகளுக்குச் சில ஆயிரம் ரூபாய் தருகிறது. அங்கே எதிர்பார்ப்பது ஆய்வு. ஓர் ஊரோடு நீண்ட உறவு வைத்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. ஆக, பணம் சில இடங்களில் இருக்கிறது, ஊர் சில இடங்களில் இருக்கிறது. ஒரே கல்லூரியில் என்.எஸ்.எஸ். தத்தெடுத்த ஊர் ஒன்று, உன்னத் பாரத் ஊர்கள் வேறு ஐந்து என்று இருக்கும். ஏன் ஒரே ஊராக இருக்கக் கூடாது என்று கேட்டால், தனித்தனி அறிக்கை அனுப்ப வேண்டும் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

என்ன மாற்றலாம்

பெரிய தொகை கேட்கவில்லை. முகாம் நிதியில் ஐந்தில் ஒரு பங்கைத் ‘தொடர்பணி நிதி’ என்று தனித் தலைப்பில் ஒதுக்கலாம். 22,500 ரூபாயில் அது 4,500 ரூபாய். ஊர் அரிசி கொடுக்கிறது என்ற உண்மையை ஒப்புக்கொண்டால் முகாம் இதனால் பட்டினி கிடக்காது. தொகை உயர்ந்துள்ள நிலையில் இது இன்னும் எளிது. இந்தப் பணத்தைச் செலவிட மாணவர்களே ஒரு பக்கத்தில் திட்டம் எழுத வேண்டும். மூன்று கையெழுத்து: மாணவர் தலைவர், திட்ட அலுவலர், அந்த ஊரிலிருந்து ஒருவர். ஊர்க்காரர் கையெழுத்தை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. நமக்கு எளிதான வேலையை ஊருக்குத் தேவையான வேலை என்று எழுதும் வழக்கத்தை அந்த ஒரு கையெழுத்து தடுக்கும். வாய்க்கால் தூர்வாருதல் எல்லா முகாமிலும் இருப்பது ஏன்? புகைப்படத்தில் நன்றாகத் தெரியும், அன்றே முடியும். விதவை உதவித்தொகை மனு புகைப்படத்தில் தெரியாது.

தணிக்கை ஆட்சேபணை வரும் என்பார்கள். மத்திய அரசின் பொது நிதி விதிகளின்படி மானியத்துக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் தர வேண்டும். செலவாகாத பணம் திரும்பிப் போக வேண்டும். அந்த விதியை மீறச் சொல்லவில்லை. இரண்டு நிதியாண்டுகளுக்கு நீடிக்கும் பணி என்று அனுமதி ஆணையிலேயே எழுதிவிட்டால், ஆண்டு முடிவில் கையிருப்பைக் காட்டி அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக வழி செய்யலாம். ஆய்வுத் திட்டங்களுக்கான மானியங்களில் இது அன்றாடம் நடப்பதுதான். பேராசிரியருக்கு முடிகிற ஒன்று மாணவர் அணிக்கு ஏன் முடியாது? மாணவர் பணத்தைத் தவறாகச் செலவிட்டுவிடுவார் என்ற அச்சமும் உண்டு. 50 பேருக்கு ஏழு நாள் மளிகைக் கணக்கை ஒரு ரூபாய் பிசகாமல் எழுதுபவர்கள் மாணவர்கள்தான் என்பதை ஒவ்வொரு திட்ட அலுவலரும் அறிவார்.

அணி மாறும்போது வேலை கைமாற, ஊருக்கு ஒரு பதிவேடு கட்டாயமாக இருக்க வேண்டும். இப்போது நாம் வைத்திருப்பவை வருகைப் பதிவேடு, பணிப் பதிவேடு, தொண்டரின் நாட்குறிப்பு. எல்லாம் தொண்டரைப் பற்றியவை. ஊரைப் பற்றி, ‘யாருக்கு என்ன வேலையைத் தொடங்கினோம், அது எங்கே நிற்கிறது’ என்று சொல்லும் பதிவேடு ஒன்றுகூட இல்லை. முதலாண்டு மாணவர் இருவரை அதற்குப் பொறுப்பாக்கினால், அவர்கள் மூன்றாமாண்டு முடிக்கும்போது அடுத்த இருவர் தயாராக இருப்பார்கள். பணச்செலவே இல்லாத மாற்றம் இது. எந்தச் சுற்றறிக்கைக்கும் காத்திராமல் ஒரு கல்லூரி நாளையே தொடங்கலாம்.

பாடத்தோடு இணைப்பதுதான் கடினம். தேசியக் கல்விக் கொள்கை 2020 சமூக ஈடுபாட்டுக்கு மதிப்பீட்டுப் புள்ளி உண்டு என்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவும் அதற்கான வழிகாட்டு நெறிமுறை தந்திருக்கிறது. பல இடங்களில் அது இன்னொரு தாள், இன்னொரு உள்மதிப்பீடு, இன்னொரு பதிவுக் குறிப்பேடு என்று சுருங்கும் ஆபத்து கண்முன் தெரிகிறது. தனித் தாள் வேண்டாம் என்பது என் கட்சி. பொருளாதார மாணவிக்கு அந்த உதவித்தொகை நோட்டே ‘இந்தியப் பொருளாதாரம்’ தாளின் ஒப்படைப்பாக ஏற்கப்பட வேண்டும். வேதியியல் மாணவர் ஊர்க் கிணற்றின் நீர்த்தன்மையைப் பருவத்துக்குப் பருவம் அளந்தால், அது அவருடைய செய்முறைப் பதிவேட்டில் ஏற வேண்டும். தமிழ்த் துறை மாணவர் சேகரித்த ஊர்ப் பெயர்க் காரணங்களும் நடவுப் பாட்டுகளும் நாட்டுப்புறவியல் தாளுக்குப் போக வேண்டும். துறைத் தலைவர்கள் மனம் வைத்தால், உள்மதிப்பீட்டு மதிப்பெண்ணுக்குள்ளேயே இதைச் செய்ய இப்போதே இடம் இருக்கிறது.

அந்தப் பெண்ணின் இறப்புச் சான்றிதழ் மனுவை எடுத்துக்கொண்ட புதிய அணியின் மாணவி வரலாற்றுத் துறை. கணவர் இறந்த ஊரின் கிராம நிர்வாக அலுவலரைக் கண்டுபிடித்து, மயானத்தில் அடக்கம் செய்ததற்குச் சாட்சி சொல்ல இருவரைத் தேடிப்பிடித்து, கோட்டாட்சியர் அலுவலகத்துக்கான மனுவைத் தன் கையெழுத்தில் எழுதியிருந்தாள். பயணச் செலவுக்கு ரசீதாக பஸ் டிக்கெட்டுகளை ஒரு தாளில் வரிசையாக ஒட்டி என்னிடம் கொடுத்தாள். எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கேட்டாள். இன்றைய விதிப்படி அதற்குத் தலைப்பு இல்லை. அதை உருவாக்க வேண்டியது பல்கலைக்கழக என்.எஸ்.எஸ். ஒருங்கிணைப்பாளர்களும் அமைச்சகமும்.